காலுக்கு இறங்கும் இடுப்பு நரம்பு வலி: வீட்டுப் பராமரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பில் தொடங்கி, புட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறமும் கெண்டைக்காலும் கடந்து பாதம் வரை சுரீரென்று இறங்கும் வலியைத்தான் மருத்துவர்கள் சியாட்டிகா என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிறகுதான் பெரும்பாலோருக்குக் கேள்விகள் எழத் தொடங்குகின்றன. இயன்முறை சிகிச்சை அறையில் நாள்தோறும் காதில் விழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன.

வலி காலில் இருக்கிறது. ஆனால் காலில் ஒன்றுமில்லை, முதுகில்தான் கோளாறு என்கிறார்கள். அது எப்படி?

சியாட்டிக் நரம்பு உடலிலேயே மிகவும் தடித்த நரம்பு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் இந்த நரம்பு, புட்டத்தின் தசைகளுக்கு அடியில் நுழைந்து, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. அந்த வேர்களில் ஒன்று முதுகில் அழுத்தப்பட்டாலும், அந்த வேர் எந்த இடத்துக்கு உணர்ச்சியைக் கொண்டு செல்கிறதோ அந்த இடமே வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே வலி ஓடும் பாதையைப் பார்த்தே எந்த வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். கட்டைவிரலும் பாதத்தின் மேற்புறமும் மரத்துப்போனால் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேரையும், சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்துப்போனால் அதற்கு அடுத்த வேரையும் சந்தேகிக்கிறோம்.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்குவதுதான். 1934ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் இதை அறுவை மேசையில் கண்டதை வெளியிட்டதிலிருந்து இது ஏற்கப்பட்ட உண்மையாக இருக்கிறது. ஆனால் பிதுங்கிய ஜவ்வு நரம்பை நசுக்குவது மட்டும் வலிக்குக் காரணமன்று. ஜவ்வின் உள்ளிருந்து வெளிவரும் பொருள் வேரைச் சுற்றி அழற்சியை உண்டாக்குவதும் காரணம். அந்த அழற்சி தானாகத் தணியக்கூடியது என்பதால்தான் வீட்டுப் பராமரிப்பைப் பற்றிப் பேசவே இடமிருக்கிறது.

எந்த நிலையில் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

இந்தக் கேள்வியை வழக்கமாகக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. சிறுநீர் வரவேண்டிய நேரத்தில் வராமல் அடைத்துக்கொள்வது, தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ கசிவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள இடம் மரத்துப்போவது (கழுவும்போது கை பட்டும் தெரியாமலிருப்பதைத்தான் பலர் முதலில் கவனிக்கிறார்கள்), இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியோ பலவீனமோ தோன்றுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். முதுகெலும்பின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளங்கள் இவை. அறுவை சிகிச்சை தாமதமாகத் தாமதமாகச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கால் பலவீனமும் காத்திருக்கக் கூடாத ஒன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி குதிகாலால் மட்டும் நடந்து பாருங்கள். பிறகு பத்தடி முன்பாதத்தால் மட்டும் நடந்து பாருங்கள். வலியால் நடக்க முடியாமல் போவது வேறு. கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் பாதம் தொய்ந்து விழுவது வேறு. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலடி போய்விட்டுத் திரும்பிப் பார்க்கும் நிலை வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

காய்ச்சல், மாலை நேரக் குளிர், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருத்தல், கீழே விழுந்ததால் தொடங்கிய வலி, படுத்தாலும் புரண்டாலும் எந்த நிலையிலும் குறையாத இரவு வலி ஆகியவையும் எச்சரிக்கைகளே. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் காணப்படுகிறது. அதை ஜவ்வு வலி என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எத்தனை நாளில் குணமாகும்?

பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் கடுமை தணியும். பன்னிரண்டு வாரங்களுக்குள் கணிசமானோர் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இறக்கம் நேர்கோடாக இராது. மூன்று நாள் நன்றாக இருந்து நான்காம் நாள் மீண்டும் பிடித்துக்கொள்வது இயல்பே. அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கணக்கெடுத்து மனம் தளர்வதைவிட, இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜவ்வு விலகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். விலகிய ஜவ்வு வீட்டில் இருந்தபடியே சரியாகுமா?

சரியாவதுண்டு. வெளியே பிதுங்கிய பகுதியை உடல் அந்நியப் பொருளாகக் கருதிச் சிறிது சிறிதாக அரித்துக் கரைத்துவிடுகிறது. இதில் வியப்பு என்னவென்றால், சிறிய வீக்கத்தைவிட, முழுதாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டுதான் கரைவதற்கு அதிக வாய்ப்புள்ளது. படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருப்பது எப்போதும் மோசமான முடிவைத் தருவதில்லை.

மறுபுறம், படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமும் ஆகாது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரை ஒன்றின்படி, இருபது வயதினரிலேயே 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் ஜவ்வு வீக்கம் காணப்பட்டது. ஆகவே எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாத ஒருவர் முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் கிடைப்பது அச்சம் மட்டுமே என்பது என் கருத்து. ஆறு வாரம் கடந்தும் குறையாதபோதும், பலவீனம் தோன்றும்போதும், அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியபோதும் அந்தப் படம் மிகவும் தேவைப்படும்.

முழு ஓய்வு எடுத்துப் படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். 1999இல் வெளியான ஆய்வில் நெதர்லாந்து மருத்துவர்கள் சியாட்டிகா உள்ள 183 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். பன்னிரண்டு வார முடிவில் இரு பிரிவிலும் 87 சதவீதத்தினர் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். அதாவது படுத்திருந்ததால் எந்த ஆதாயமும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் அன்போடுதான் "அசையாமல் படு" என்கிறார்கள்; ஆனால் நாள்கணக்கில் படுத்திருந்தால் தசை இளைக்கிறது, மலச்சிக்கல் வருகிறது, எழுந்து நிற்கவே பயம் பிடித்துக்கொள்கிறது.

வலி உச்சத்திலிருக்கும் முதல் ஓரிரு நாள்களில் இடையிடையே படுத்துக்கொள்வதில் தவறில்லை. அதன் பின் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடக்கத் தொடங்க வேண்டும்.

எந்த நிலையில் படுத்தால் நிம்மதி கிடைக்கும்?

மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரு நாற்காலியின் மேல் வைத்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் பலருக்கு வலி உடனே தளர்கிறது. இரவில் வலியில்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலாமல், முதலில் பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, கைகளை ஊன்றி எழுந்து உட்கார வேண்டும். பாயில் படுப்பவர்களுக்கு எழுவதுதான் பெரும் பாடாக இருக்கும். அந்தச் சில வாரங்களுக்குக் கட்டிலுக்கு மாறிக்கொள்வது நல்லது.

பலகை போன்ற கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. நாட்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினம் கொண்ட மெத்தையே கூடுதல் நிவாரணம் தந்தது.

பயிற்சி செய்தபின் கால்வலி குறைந்து இடுப்புவலி கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் வீட்டுப் பராமரிப்பில் பாதி கைவந்துவிடும். வலி எவ்வளவு என்பதைவிட, எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்கு வழிகாட்டி. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பிறகு புட்டத்துக்கும், கடைசியில் இடுப்பின் நடுப்பகுதிக்கும் ஏறிச் சுருங்கினால், இடுப்பில் வலி முன்பைவிடச் சற்று மிகுந்திருந்தாலும்கூட, அது நல்ல அறிகுறி. மாறாக, இடுப்புவலி குறைந்ததுபோலத் தோன்றி, அதே நேரத்தில் முழங்காலுக்குக் கீழே வலியோ குறுகுறுப்போ புதிதாக இறங்கினால், அப்போது செய்துகொண்டிருந்த அசைவு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அது பயிற்சியானாலும் சரி, ஆசனமானாலும் சரி, சோபாவில் சாய்ந்து கிடப்பதானாலும் சரி.

ஆகையால் எந்தப் பயிற்சிக்கும் முன்பு வலி எட்டும் கடைசி இடத்தை விரலால் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்தபின் பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மேலேறியிருந்தால் தொடரலாம், மாற்றமில்லையென்றால் இரண்டொரு நாள் பொறுத்துப் பார்க்கலாம், கீழிறங்கி அங்கேயே தங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும்.

எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

குனிந்தாலும் வெகுநேரம் உட்கார்ந்தாலும் வலி கூடி, நின்றால் நடந்தால் குறைகிறவர்களுக்கு (ஜவ்வுப் பிதுக்கம் உள்ள பலர் இப்படித்தான்) குப்புறப் படுப்பதே முதல் பயிற்சி. இரண்டு மூன்று நிமிடம் குப்புறப் படுத்திருங்கள். அது பொறுக்க முடியாவிட்டால் வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை வைத்துக்கொள்ளலாம். பழகிய பிறகு முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் உயர்த்தி, இடுப்பைத் தரையோடு தளரவிட்டு இரண்டு நிமிடம் இருங்கள். அதுவும் எளிதானபின், உள்ளங்கைகளை ஊன்றி மேலுடலை உயர்த்தி இறக்குவதைப் பத்து முறை செய்யலாம். புஜங்காசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஆனால் இங்கே முதுகுத் தசையால் தூக்காமல் கைகளால் தள்ளித்தான் எழ வேண்டும், புட்டத்தை இறுக்கக் கூடாது.

அடுத்தது நரம்பை மெல்ல வழுக்கிக் கொடுக்கும் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலியுள்ள காலின் முழங்காலை மெல்ல நீட்டும்போது முகத்தை மேல்நோக்கி உயர்த்துங்கள். காலை மடக்கும்போது தாடையை மார்பை நோக்கித் தாழ்த்துங்கள். இழுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். எரிச்சலில் இருக்கும் நரம்பை இழுத்துப் பிடித்தால் மேலும் எரிச்சலடையும். கால்விரலைத் தொட்டே தீருவது என்ற வைராக்கியத்தோடு பச்சிமோத்தானாசனம் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் ஏராளம்.

புட்டத்தின் ஆழத்தில் மட்டும் வலி குவிந்து, அங்குள்ள தசை இறுகியிருப்பவர்களுக்கு, மல்லாந்து படுத்து வலிக்கும் காலின் கணுக்காலை மறுகால் முழங்காலின் மேல் போட்டு, மறுதொடையை மார்பை நோக்கி இழுத்து அரை நிமிடம் நிறுத்தும் பயிற்சி பயன்படும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயிற்சி நடைதான். பத்து நிமிடம் நடந்தால் வலி தொடங்குகிறது என்றால் ஏழு நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். அதை ஒரு நாளில் நான்கு வேளையாகச் செய்யுங்கள்.

எனக்கு நேர்மாறாக, நடந்தால் கால் கனத்து இழுக்கிறது. குனிந்தால் நிம்மதியாக இருக்கிறது. ஏன்?

அறுபது வயதை ஒட்டியவர்களிடம் இதைக் கேட்டால் முதுகுத் தண்டின் பாதை குறுகியிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் பாதை மேலும் குறுகுகிறது. முன்னோக்கி வளைந்தால் சற்று அகல்கிறது. எனவேதான் தெருவில் நடக்க முடியாதவர் சைக்கிளின் கைப்பிடியில் சாய்ந்து தள்ளிக்கொண்டு வெகுதூரம் போய்விடுகிறார். இவர்களுக்கு மேலே சொன்ன குப்புறப் படுக்கும் பயிற்சிகள் பொருந்தா. மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பதும், உட்கார்ந்து முன்னே வளைவதும், நிலைச் சைக்கிள் மிதிப்பதும் ஏற்றவை.

புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காலின் இரத்தக்குழாய் அடைப்பாலும் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். அந்த வலி, உட்காராமல் சும்மா நின்றாலே ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அதற்கு வேறு சிகிச்சை.

அலுவலகத்தில் உட்காருவது, வண்டி ஓட்டுவது, கழிப்பறை ஆகியவற்றை எப்படிச் சமாளிப்பது?

அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காராதீர்கள். கீழ்முதுகின் வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டால் நாற்காலி எதுவானாலும் பொறுத்துக்கொள்ளலாம். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து உட்காரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவதையும், தரையில் குந்தி அரிவாள்மணையில் நறுக்குவதையும், குனிந்து பெருக்குவதையும் சில வாரங்களுக்கு மேசைக்கும் நீண்ட பிடி கொண்ட துடைப்பத்துக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பது கூடவே கூடாது; சிறிய பாத்திரங்களில் இரண்டு கைகளிலும் சமமாகப் பிரித்துத் தூக்குங்கள்.

இருசக்கர வண்டியைப் பொறுத்தவரை, கடுமையான வலி உள்ள நாள்களில் தவிர்ப்பதே நல்லது. வேகத்தடையில் கிடைக்கும் ஒரு குலுக்கல் நாள் முழுவதும் வலியைக் கிளப்பிவிடும். பேருந்தில் போகிறவர்கள் கடைசி இருக்கையைத் தவிர்க்கவும்.

தரையோடு அமைந்த கழிப்பறையில் குந்த முடியாதபோது, அதன் மேல் வைக்கும் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. முக்கினால் வலி மின்சாரம் பாய்ந்ததுபோல் இறங்குமாதலால் மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் தண்ணீரும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தும்மல், இருமல் வரும்போது சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, முதுகைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டால் அதிர்ச்சி குறையும்.

ஒத்தடம், தைலம், சுளுக்கு எடுத்தல் ஆகியவை பயன் தருமா?

வெந்நீர்ப் பையானாலும் நொச்சி இலையானாலும் வறுத்த உப்பு மூட்டையானாலும் கிடைப்பது சூடுதான். அது ஆழத்தில் அழுந்தியிருக்கும் நரம்பு வேரை எட்டுவதில்லை. ஆனால் வேரைக் காக்கும் பொருட்டு இறுகிப்போன முதுகுத் தசைகளைத் தளர்த்துகிறது. ஒத்தடத்தைக் காலில் கொடுப்பதைவிட இடுப்பில் கொடுப்பதே பொருத்தம். பதினைந்து இருபது நிமிடம் போதும். ஐஸ் சிலருக்கு இன்னும் இதமாக இருக்கிறது. எது இதமோ அதுவே சரி. மரத்துப்போன இடத்தில் மட்டும் சூடு வைக்காதீர்கள். தோல் வெந்து கொப்புளம் எழும்பிய பிறகுதான் தெரியவரும். சர்க்கரை நோய் இருந்தால் அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு.

மென்மையாக எண்ணெய் தேய்த்துவிடுவதால் தீங்கில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பது, காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது ஆகியவற்றுக்கு உடன்படாதீர்கள். பலவீனமோ மரத்துப்போதலோ உள்ளவர்களுக்கு இவை ஆபத்தானவை. ஒரே வேளையில் வலி முழுவதும் பறந்துவிடும் என்று பெயரும் உட்பொருளும் இல்லாமல் பொட்டலத்தில் தரப்படும் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எந்த மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்?

பாரசிட்டமால் இந்த வலிக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. எடுப்பதாக இருந்தால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. மது அருந்துவோருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை ஓரளவு உதவுகின்றன. சாப்பிட்டபின், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாள்களுக்கு மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. கடையில் "இடுப்புவலிக்கு இரண்டு மாத்திரை" என்று கேட்டு வாங்கும்போது ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கலாம்.

நரம்புவலிக்கென்று பரவலாக எழுதப்படும் பிரீகாபலின், ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், சியாட்டிகாவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் அமைப்பான நைஸின் வழிகாட்டுதலும் அதைச் சியாட்டிகாவுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே எடுத்துவருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பி12 மாத்திரையும் ஊசியும் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் பயன். சைவ உணவுக்காரர்களும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் இரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

இடுப்புப் பெல்ட் போடலாமா?

நைஸ் வழிகாட்டுதல் அதையும் பரிந்துரைப்பதில்லை. தவிர்க்க முடியாத பயணத்தின்போது தெம்பாக இருக்கிறது என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் வந்தால்?

இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை, இடுப்புக்கு மிதமான ஒத்தடம், சிறு நடை ஆகியவை போதும். குப்புறப் படுக்கும் பயிற்சி கூடாது. ஐபுபுரூஃபன் வகை மருந்துகளைத் தவிர்த்து, எதுவானாலும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டால் விரைவில் தீர்ந்துவிடுமே?

விரைவில் என்பது உண்மைதான். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் வலியை அனுபவித்தவர்களில், உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காத்திருந்து பார்த்தவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் இடையில் பொறுக்க முடியாமல் அறுவை சிகிச்சைக்குச் சென்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலவீனம் இல்லாதவரை, எவ்வளவு காலம் பொறுக்க முடியும் என்பதை வலியை அனுபவிப்பவரும் மருத்துவரும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்ந்ததை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

வலி போய்விட்டது, ஆனால் விரல்கள் மட்டும் மரத்தே இருக்கின்றன. இது நிரந்தரமா?

வலி முதலில் விலகும், பலம் அடுத்துத் திரும்பும், உணர்ச்சி கடைசியாகத்தான் வரும் என்பது பொதுவாகக் காணும் வரிசை. சேதமடைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முதுகிலிருந்து பாதம் வரையுள்ள தூரத்தை நினைத்தால் பல மாதங்கள் ஆவதில் வியப்பில்லை. சிலருக்கு ஒரு சிறு பகுதி மரத்தே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் நடைக்கு இடையூறு வருவதில்லை. அதுவரை வெறுங்காலோடு நடக்காமல், இரவில் பாதத்தின் அடிப்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த பகுதி விரிந்துகொண்டே போனாலோ, இரண்டு பாதங்களிலும் சமமாக எரிச்சல் தோன்றினாலோ, சர்க்கரை நோய் உட்பட வேறு காரணங்களைப் பார்க்க மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.